கையெழுத்திடும் முன்

தேஷ்னி,
கடைசித் தேர்வுக்கு எதைப் படித்தால் போதும்
என்று கேட்டிருந்தாய்.
சாட்சியச் சட்டம் எனக்கே பாதிதான் விளங்குகிறது.
செவிவழிச் செய்தி சாட்சியமாகாது என்கிறது புத்தகம்;
ஆறு மாதமாக நாம் கற்றதெல்லாம்
காதில் செருகிய கம்பி வழி வந்ததுதான்.

முதலில் டேட்டா.
நள்ளிரவுக்கு மேல் மலிவு,
பாடங்களை அப்போதே இறக்கி வை.
மின்வெட்டு அட்டவணையை
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டு,
தேர்வு அட்டவணைக்குப் பக்கத்தில்.
இரண்டும் மோதும் நாளில்
என் அண்ணன் காருக்குள் உட்கார்ந்து எழுதலாம்.
ஹிகின்ஸன் நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையத்தில்
சிக்னல் நன்றாக வருகிறது.
காவலாளி மூன்று முறை கண்ணாடியைத் தட்டுவார்.
நான்காம் முறை,
எத்தனை கேள்வி பாக்கி என்பார்.

நொக்வாஸி, நொங்கோமாவில்
மாட்டுப்பட்டிக்குப் பின்னுள்ள மேட்டில் ஏறித்தான்
மாதிரி வழக்கை வாதாடினாள்.
நீதிபதியாய் அமர்ந்த பேராசிரியர்
ஐந்து நிமிடம் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.
"கனம் நீதிபதி அவர்களே, உங்கள் குரல் வரவில்லை"
என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை.
அவள் சொன்னாள்.
பின்னால் ஒரு பசுவும் சொன்னது.

டர்பன் நிறுவனத்திலிருந்து எனக்கும் அதே கடிதம்தான்:
பயிற்சி இடம், மறு அறிவிப்பு வரும் வரை.
அழுதேன், பிறகு பாத்திரம் கழுவினேன்.
அதற்கு என்னிடம் அறிவுரை இல்லை.

சொல்ல வந்தது வேறு.

ஏப்ரலில், சிகரெட்டுக்குத் தடை இருந்த நாட்களில்,
எங்கள் தெரு சத்தியசீலனைப் பிடித்தார்கள்.
மதிலோரம் உதிரியாக விற்றார்,
ஒன்று பத்து ராண்டு.
வேனின் முன்மூடியில் வைத்து
ஒரு தாளை நீட்டினார் போலீஸ்காரர்.
ஆயிரத்தைந்நூறு கட்டினால் வீட்டுக்குப் போகலாம்.
அவர் மனைவி ரூபவதி
மதிலுக்கு மேலாக என்னைக் கூப்பிட்டார்:
"நீ சட்டம் படிக்கிற பிள்ளைதானே?"

அந்தத் 'தானே'யில்
நான்கு வருடக் கட்டணமும் இருந்தது.

முகக்கவசத்துக்குள் என் மூச்சு எனக்கே கேட்டது.
வக்கீல் ஆகாதவள் ஆலோசனை சொல்லக் கூடாது;
அதையும் நமக்குப் பாடமாகவே நடத்தினார்கள்.
ஆறடி தள்ளி நின்று சொன்னேன்:
"அண்ணா, தாளை முழுக்கப் படிங்க.
கட்டினா குற்றத்தை ஒத்துக்கிட்டதா ஆகும்.
பேர்ல நிக்கும்.
கோர்ட்டுக்குப் போற தேதியும் அதுலயே இருக்கு."

அவர் படித்தார்.
விரல் வைத்து, வரி வரியாக.
போலீஸ்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
ரூபவதி என்னைப் பார்த்தார்.
"உள்ளே எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்டார் சத்தியசீலன்.
இருபது பேர். ஒரு ஜன்னல்.
கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்குள் போய்ப் புத்தகத்தைத் திறந்தேன்.
அந்த ஜன்னலைப் பற்றி
எந்த அத்தியாயத்திலும் இல்லை.

போன மாதம், பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலைக்கு
நன்னடத்தைச் சான்று கேட்டார்களாம்.
அந்தத் தாள் முன்னால் வந்து நின்றது.
ரத்து செய்யக் கேட்டு மனு ஒன்று எழுதுகிறேன்,
பல்கலைக்கழகச் சட்ட உதவி நிலையத்துக்காக.
சம்பளம் இல்லை. கையெழுத்தும் என்னுடையதல்ல,
மேற்பார்வை வக்கீல் மிஸ் பத்தாயச்சியுடையது;
இரண்டு முறை சிவப்பு மையில் திருப்பி அனுப்பிவிட்டார்.
'அன்றைய சூழ்நிலை' என்று நான் எழுதிய இடத்தில்
'எத்தனை பேர்? எத்தனை ஜன்னல்?' என்று கேட்டிருந்தார்.

அங்கே இன்னும் ஆள் தேவை.
பெயரைக் கொடுக்கட்டுமா?

பட்டமளிப்பைத் திரையில் நடத்துவார்களாம்.
அங்கி கிடையாது.
உன் அம்மாவுக்கு நீயே சொல்லிவிடு.

வியாழக்கிழமை இரண்டு மணிக்குக் கரண்ட் போகும்,
தேர்வு இரண்டரைக்கு.
கார் சாவி மீட்டர் பெட்டி மேல் இருக்கும்.
பின்சீட்டில் மாம்பழக் கூடை,
நகர்த்திக்கொள்.